எலிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும் எட்டுப் பேர்: திருப்பதி, சித்தூர் ஆய்வகங்களில் விலங்குப் பரிசோதனை குறையுமா?

திருப்பதி: புதிய மருந்து ஒன்றை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் முன் அதை விலங்குகளிடம் சோதித்திருக்க வேண்டும் என்பது நீண்டகால நடைமுறை. மத்திய அரசு 2023 மார்ச் மாதம் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளைத் திருத்தி, செல் வளர்ப்புச் சோதனை, சில்லின் மீது உருவாக்கப்படும் உறுப்பு மாதிரி, கணினி மாதிரி போன்ற முறைகளுக்கும் அந்த வரிசையில் இடம் அளித்தது. அமெரிக்கா அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2022 டிசம்பரில், இதே திசையில் சட்டம் இயற்றியிருந்தது. அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் மேலும் ஒரு படி சென்று, மோனோகுளோனல் எதிர்பொருள் வகை மருந்துகளில் விலங்குச் சோதனைக் கட்டாயத்தைப் படிப்படியாக விலக்கும் திட்டத்தை வெளியிட்டது.

இந்த அறிவிப்புகள் முதன்மையாக மருந்து நிறுவனங்களை நோக்கியவை. இந்தியாவிலோ ஆய்வக விலங்குகள் நிறுவனங்களின் பரிசோதனைக் கூடங்களில் மட்டும் இல்லை. பல்கலைக்கழகத் துறைகளிலும், கால்நடைக் கல்லூரிகளிலும், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் நிற்கும் மருந்தியல் கல்லூரிகளிலும் அவை உள்ளன. அங்கெல்லாம் விலங்குப் பரிசோதனை குறைய வேண்டுமானால் டெல்லியின் அறிவிப்பு மட்டும் போதாது. திருப்பதி, சித்தூர் பகுதியின் நிலையைப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி இருந்த பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோயில் நகரம் என்றே பெரும்பாலோர் அறிந்துள்ள திருப்பதி, கல்வி நகரமும் ஆகும். ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-லும், கால்நடை மருத்துவக் கல்லூரி 1955-லும் தொடங்கப்பட்டன. பின்னர் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவ அறிவியல் நிறுவனம், 2005-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம், 2015-ல் ஐசர் என்று உயிரியலும் மருத்துவமும் கற்பிக்கும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றைச் சுற்றித் திருப்பதியிலும் சித்தூரிலும் தனியார் மருந்தியல் கல்லூரிகளும் இயங்குகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

விலங்குப் பரிசோதனைக்கு இந்தியாவில் வரம்பு விதிப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த, சென்னை கலாக்ஷேத்ராவின் நிறுவனர் ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இச்சட்டத்துக்கு வழிகோலியது. எனினும் சட்டம் பரிசோதனையைத் தடை செய்யவில்லை. உயிரைக் காக்கவும், துன்பத்தைத் தணிக்கவும், மனிதர், விலங்கு, தாவரம் எதற்கு வரும் நோயாயினும் அதை எதிர்க்கவும் உதவும் அறிவைப் பெறுவதற்கான பரிசோதனை சட்டவிரோதமாகாது என்று 14-ஆவது பிரிவு கூறுகிறது.

வரம்புகள் 17-ஆவது பிரிவில் உள்ளன. தவிர்க்க இயலும் இடங்களில் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும். புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் ஆகியவற்றால் அதே பாடத்தைக் கற்பிக்க முடியுமானால் கல்லூரிகளில் விலங்கு தேவையில்லை. சிறு விலங்கு போதுமான இடத்தில் பெரிய விலங்கைப் பயன்படுத்தக் கூடாது. கைத்திறன் பழகுவதற்காக மட்டும் விலங்கை அறுக்கக் கூடாது. மாற்றுதல், குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்ற மூன்று கொள்கைகளை ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் நூலாக வெளியிட்டது 1959-ல். அடுத்த ஆண்டே இந்தியச் சட்டத்தில் ஏறத்தாழ அதே கருத்து இடம்பெற்றது வியப்புக்குரியது.

எழுத்தில் இருந்த இந்த வலு தண்டனையில் இல்லை. பரிசோதனைக்கான தடை உத்தரவையோ நிபந்தனையையோ மீறுவோருக்கு 20-ஆவது பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். மேற்பார்வைக் குழு 1964-ல் அமைக்கப்பட்டாலும், 1998-ல் மேனகா காந்தி தலைமையில் புத்துயிர் பெற்று, அதே ஆண்டு தனி விதிகள் வந்த பின்னரே ஆய்வகங்களின் பதிவும் ஆய்வும் முறைப்பட்டன. நெடுங்காலம் சிபிசிஎஸ்இஏ என்று அறியப்பட்ட இக்குழு தற்போது சிசிஎஸ்இஏ என்ற பெயரில் மத்திய கால்நடைத் துறையின் கீழ் இயங்குகிறது.

தவளை விடைபெற்ற விதம்

கற்பித்தலில் விலங்குப் பயன்பாடு குறைந்தது உண்மை. ஒரு தலைமுறைக்கு முன்பு விலங்கியல் பட்டம் பெற்ற எவருக்கும், மெழுகு தட்டில் குண்டூசியால் குத்தி விரிக்கப்பட்ட தவளை நினைவில் இருக்கும். அந்தத் தவளைகள் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டவை அல்ல. வயல்களிலும் குளங்களிலும் பிடிக்கப்பட்டவை. தவளைக் கால் ஏற்றுமதியை இந்தியா 1987-ல் தடை செய்த பிறகும் கல்லூரிகளுக்கான பிடிப்பு தொடர்ந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் விலங்கியல் பாடங்களில் அறுப்பைப் படிப்படியாகக் கைவிட வழிகாட்டுதல் வெளியிட்டு, 2014-ல் இளநிலை, முதுநிலை இரண்டிலும் அதை நிறுத்தியது. அதே 2014-ல் மருத்துவக் கவுன்சில் எம்.பி.பி.எஸ். பாடத்தில் உடலியங்கியல், மருந்தியல் செய்முறைகளுக்குக் கணினி வழி மாற்றை ஏற்றது. பின்னர் வந்த பி.பார்ம். பாடத்திட்டம், விலங்குச் சோதனைகளை மென்பொருள், காணொளி மூலம் காட்டினால் போதும் என்றது. புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியர் ஆர். ரவீந்திரன் உருவாக்கிய 'எக்ஸ்ஃபார்ம்' மென்பொருள் இதற்கு நாடெங்கும் பயன்பட்டது. முயலின் கண்ணில் சொட்டு விட்டு அதன் விளைவைப் பார்ப்பதற்குப் பதிலாக, மாணவர் திரையில் உள்ள முயலின் கண்ணில் சொட்டு விடுகிறார்.

திருப்பதியில் உள்ள விலங்கியல் துறைக்கும் சித்தூரில் உள்ள மருந்தியல் கல்லூரிக்கும் இந்த ஆணைகள் ஒன்றுபோலவே பொருந்தின. மேலிருந்து ஓர் ஆணை வந்தது, பாடத்திட்டம் மாறியது, தேர்வில் தவளை கேட்கப்படவில்லை, எனவே தவளை வாங்கப்படவில்லை. கல்லூரிகள் தாமாக மனம் மாறியதால் நிகழ்ந்தது என்று இதைச் சொல்வதற்கில்லை.

முதுநிலைத் திட்டப் பணிகளின் கணக்கு

ஆராய்ச்சியில் நிலைமை வேறு. சேஷாசலம் மலைகளில் வளரும் செம்மரத்தின் பட்டை நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக நெடுநாள் பயன்பட்டு வந்தது. அப்பட்டைச் சாறு நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-ல் பன்னாட்டு நாட்டுமருந்தியல் இதழ் ஒன்றில் வெளியிட்டனர். அந்த ஆய்வு அக்காலத்தில் உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையிலேயே நடந்தது. அதில் குறை காண இடமில்லை. பிரச்சினை, அதே சட்டகம் அதன் பின் நாடெங்கும் முதுநிலைத் திட்டப் பணிகளின் வழக்கமான அச்சாக மாறிவிட்டதில் உள்ளது. மூலிகை மாறும், சாறெடுக்கும் கரைப்பான் மாறும், நோய் சில சமயம் மாறும், எலி மாறுவதில்லை.

அந்த அச்சு எப்படி இருக்கும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வழக்கமாக ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு 6 எலிகள். முதல் பிரிவு நலமான எலிகள்; இரண்டாவது நோய் உண்டாக்கப்பட்டு மருந்து தரப்படாதவை; மூன்றாவது சந்தையில் உள்ள மருந்து தரப்படுபவை; மீதி இரண்டில் மூலிகைச் சாறு இரு அளவுகளில் தரப்படும். மொத்தம் 30 எலிகள். இவற்றில் 18 எலிகள், அதாவது முதல் மூன்று பிரிவுகள், ஒப்பீட்டுக்காக மட்டுமே உள்ளன. ஒரே கல்லூரியில் மூன்று மாணவர்கள் மூன்று மூலிகைகளைத் தனித்தனியே சோதித்தால் 90 எலிகள் வேண்டும். மூவரும் ஒரே காலத்தில், பொதுவான ஒப்பீட்டுப் பிரிவுகளுடன் சோதித்தால் 54 போதும். எந்தப் புதுக் கருவியும் வாங்காமல் 36 எலிகள் மிஞ்சும். மாணவர்களின் கால அட்டவணையையும் வழிகாட்டிகளின் போட்டியையும் ஒழுங்குபடுத்தினாலே இது நடக்கும். நடைமுறையில் அதுவே கடினமாக இருக்கிறது.

அறிவியல் தரப்பிலும் கேள்வி உண்டு. எலிக்கு நீரிழிவு உண்டாக்கப் பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருள் செலுத்தப்படுகிறது. அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. இவ்வாறு உருவாகும் நிலை முதல் வகை நீரிழிவை ஒத்தது. இந்தியாவில் நீரிழிவு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பதோ இரண்டாம் வகை. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததால் வருவது. எனவே எலியில் சர்க்கரை குறைந்தது என்ற முடிவு, நோயாளிக்கு அந்த மூலிகை உதவும் என்பதற்குப் பலவீனமான சான்று. அதற்கு மேல் செல்லாமல் ஆய்வேடாக அலமாரியில் முடியும் ஆய்வில், எலி இறந்தது பட்டத்துக்காக என்றுதான் கருத வேண்டியிருக்கும். கைத்திறனுக்காக மட்டும் விலங்கைப் பயன்படுத்தாதே என்று சட்டம் சொன்னதன் உணர்வுக்கு இது எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்பது விவாதத்துக்குரியது.

நச்சுத்தன்மைச் சோதனையில் குறைப்பு ஏற்கெனவே நிகழ்ந்திருக்கிறது. விலங்குகளில் பாதி இறக்கும் அளவைக் கண்டறியும் 'எல்டி 50' சோதனை 1927-ல் அறிமுகமானது. அதன் பழைய வடிவத்தில் ஒரு பொருளுக்குப் பல பத்து விலங்குகள் தேவைப்பட்டன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2002-ல் அந்த நெறிமுறையை நீக்கி, படிக்கு மூன்று விலங்குகள் வீதம் செல்லும் முறை உள்ளிட்ட மாற்றுகளை நிலைநிறுத்தியது. மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் இந்தியக் கல்லூரிகளும் இன்று இம்முறையையே மேற்கோள் காட்டுகின்றன. வெளியிலிருந்து வரும் நெறிமுறை மாறினால் கல்லூரி மாறும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மேசையைச் சுற்றி எட்டுப் பேர்

அப்படியானால் ஒரு திட்டப் பணிக்கு 30 எலிகள் தேவையா, 18 போதுமா, ஒன்றுகூடத் தேவையில்லையா என்பதை யார் முடிவு செய்கிறார்? எலி, சுண்டெலி, முயல் போன்ற சிறு விலங்குகளைப் பொறுத்தவரை அந்தப் பொறுப்பு அந்தந்த நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுடையது. நாய், குரங்கு, மாடு போன்றவற்றுக்கான கோரிக்கைகள் மட்டும் மத்தியக் குழுவுக்குச் செல்கின்றன. நிறுவனக் குழுவில் எட்டுப் பேர். ஐந்து பேர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்: உயிரியல் அறிவியலாளர் ஒருவர், வெவ்வேறு துறைகளின் அறிவியலாளர் இருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், விலங்குக் கூடத்தின் பொறுப்பாளர் ஒருவர். மற்ற மூவர் மத்தியக் குழு நியமிப்பவர்கள்: முதன்மைப் பிரதிநிதி, வெளி அறிவியலாளர், அறிவியல் துறை சாராத சமூக அக்கறையுள்ள உறுப்பினர்.

முதன்மைப் பிரதிநிதி இல்லாமல் கூட்டம் செல்லாது என்பதால் வெளியாரின் குரலுக்கு விதிப்படி மதிப்பு உண்டு. ஆனால் பெரும்பான்மை உள்ளே இருப்பவர்களுடையது. விண்ணப்பிக்கும் மாணவரின் வழிகாட்டி, குழு உறுப்பினர்களுடன் அன்றாடம் பணியாற்றுபவர். சிறிய கல்லூரியில் அவர்கள் ஒரே தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பவர்கள். ஆண்டிறுதியில் மாணவர் பட்டம் பெற வேண்டும், கல்லூரிக்கு அங்கீகாரம் தொடர வேண்டும் என்ற அழுத்தம் அனைவருக்கும் பொது. 'பி' படிவத்தில் விலங்குகளின் எண்ணிக்கைக்கான நியாயம் கேட்கப்படுகிறது. மாற்று முறை ஏன் இயலாது என்ற விளக்கமும் கேட்கப்படுகிறது. முந்தைய ஆண்டு விண்ணப்பத்தின் வாசகமே அந்தக் கட்டத்தில் மீண்டும் எழுதப்பட்டால், அதைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை பெரும்பாலும் மூன்று வெளி உறுப்பினர்களின் தலையிலேயே விழுகிறது.

வெளியிலிருந்து இதைப் பரிசீலிக்கவும் வழி குறைவு. பிரிட்டன் தன் ஆய்வகங்களில் நடந்த விலங்குச் சோதனைகளின் எண்ணிக்கையை இனவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-ல் அது சுமார் 26.8 லட்சம். இந்தியாவில் அத்தகைய விரிவான ஆண்டுக் கணக்கு வெளியிடப்படுவதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், எண்கள் இல்லை என்று கூற முடியாது. அவை ஒன்று சேர்க்கப்பட்டு மக்கள் முன் வைக்கப்படவில்லை. திருப்பதி மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை எலிகள் பயன்பட்டன, அதற்கு முந்தைய ஆண்டைவிடக் குறைந்ததா என்று ஒருவர் அறிய விரும்பினால், நிறுவனம் நிறுவனமாகத் தகவல் உரிமை மனு போட வேண்டியதுதான்; தனியார் கல்லூரிகளிடம் அதுவும் எளிதன்று. எண்ணிக்கை தெரியாத நிலையில் 'குறைப்பு' என்ற கொள்கையின் வெற்றியை அளக்க வழியில்லை.

மாற்று முறைக்கு ஆகும் செலவு

மாற்று முறைகளுக்கும் தமக்கே உரிய சிக்கல்கள் உண்டு. செல் வளர்ப்புக்குக் கரியமில வாயு இன்குபேட்டர், கிருமி புகாத பணிப்பெட்டி, திரவ நைட்ரஜன், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற ஆள் ஆகியவை வேண்டும். புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் செல் வகைகளை வழங்குகிறது. ஆனால் அவற்றை உயிருடன் வைத்திருக்கச் சித்தூரில் உள்ள சிறு கல்லூரியால் முடியுமா என்பது வேறு கேள்வி. எலிக் கூண்டும் தீவனமும் அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மலிவு. பொருளாதாரம் எலிக்கு எதிராகவே இருக்கிறது.

இன்னொரு முரண், செல்களை வளர்க்கப் பரவலாகப் பயன்படும் ஊட்டநீர் கன்றின் கருவிலிருந்து எடுக்கப்படும் ரத்தத்தின் சீரம். ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் மாசு உள்ளதா என்று பார்க்க முயல்களைப் பயன்படுத்திய சோதனைக்கு மாற்றாக வந்த முறையும் நெடுங்காலம் குதிரைலாட நண்டின் ரத்தத்தை நம்பியே இருந்தது. ஒரு விலங்குக்குப் பதில் இன்னொரு விலங்கு என்ற கட்டத்தைக் கடக்கக் காலம் பிடிக்கிறது.

இத்துறையில் தமிழகத்துக்கு முன்னோடி அனுபவம் உண்டு. உயிரியல் கல்வியில் விலங்குகளுக்கு மாற்று தேடும் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் 2009-ல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா தலைமையில் அங்கிருந்து நடந்த பிரசாரமும் ஆசிரியர் பயிற்சியும் மானியக் குழுவின் முடிவுக்குத் துணைநின்றன. திருப்பதிக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது: மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம், மாநிலப் பல்கலைக்கழகங்கள், மருத்துவ நிறுவனம், கால்நடைப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன. பொதுவான செல் வளர்ப்புக் கூடம் ஒன்று அமைந்தால், சித்தூர் மாணவர் பேருந்தில் வந்து தம் மூலிகைச் சாற்றை முதலில் செல்லில் சோதிக்கலாம். அங்கே விளைவு காட்டாத சாறு எலிவரை செல்ல வேண்டியதில்லை. இத்தகைய முதற்கட்டச் சல்லடை கட்டாயமானால் எலிகளின் தேவை குறையும். ஆய்வின் தரமும் கூடும்.

இன்னும் விட முடியாத இடங்கள்

எல்லா இடத்திலும் மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பாம்புக்கடி இப்பகுதி விவசாயிகளின் அன்றாட ஆபத்து. அதற்கான நச்சுமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகிறது. அதன் வீரியம் இன்றும் சுண்டெலிகளிடம் சோதித்தே உறுதி செய்யப்படுகிறது. அதை இன்று நிறுத்துவதென்றால் வயலில் கடிபட்டவருக்கு மருந்தின்றிப் போகும். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நிலையும் தனிப்பட்டது. ஆட்டுக்கு வரும் நோய்க்கான தடுப்பூசி கடைசியில் ஆட்டிடம்தான் சோதிக்கப்பட வேண்டும். பயன் பெறுவதும் அந்த இனமே.

ஆயினும் விட முடியாது என்று கருதப்பட்டவை விடப்பட்ட வரலாறும் உண்டு. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று முந்தைய தலைமுறை அஞ்சிய வெறிநாய்க்கடி மருந்து, செம்மறியாட்டின் மூளையில் கிருமியை வளர்த்துத் தயாரிக்கப்பட்டது. குன்னூர் பாஸ்டியர் நிறுவனமும் அதைத் தயாரித்து வந்தது. சிலருக்கு நரம்புப் பாதிப்பையும் அது உண்டாக்கியது. செல் வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசி கிடைத்த பின்னரும் விலை காரணமாகப் பழையது நீடித்தது. 2004 இறுதியில்தான் இந்தியா அதை நிறுத்தியது. புதிய ஊசி ஆட்டைக் காப்பாற்றியதுடன் நோயாளியையும் பழைய ஊசியின் ஆபத்திலிருந்து காப்பாற்றியது. அழகுசாதனப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பதற்கு 2014-ல் விதிக்கப்பட்ட தடையும் தொழிலை முடக்கவில்லை.

முதுநிலைத் திட்டப் பணிகளுக்கு இவ்விரண்டு வகை ஆணையும் இதுவரை வரவில்லை. எம்.பார்ம். மருந்தியல் பாடத்தில் விலங்குகளைக் கையாளும் செய்முறை தொடர்கிறது. ஒப்பீட்டுப் பிரிவுகளைப் பகிர வேண்டும் என்றோ, செல் சோதனையைக் கடந்த சாறுகளுக்கு மட்டும் அனுமதி என்றோ நிபந்தனை விதிக்க நிறுவனக் குழுக்களுக்கு இப்போதே தடையேதும் இல்லை. புதிய சட்டமும் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டின் விண்ணப்பங்கள் வரும்போது திருப்பதியிலும் சித்தூரிலும் அந்த எட்டுப் பேர் மீண்டும் கூடுவர்.